மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள்

அத்தியாயம் பதினொன்று

குண்டூசி ஒன்றைக் காணவில்லை.

டெய்லர் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார். துணி மூட்டையை உதறினார். தையல் மெஷினை நகர்த்திப் பார்த்தார். சிவப்புத் தலை வைத்த குண்டூசி. நேற்றுச் சாயங்காலம் அதை விரலிடுக்கில் பிடித்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. எங்கே குத்தினோம் என்பதுதான் நினைவில்லை.

பிறகு நினைவு வந்தது. வந்ததும் தவழ்ந்த நிலையிலேயே உறைந்துபோனார்.

மனைவியின் சீருடையில்! இடது தோள்பட்டையில், காலருக்குப் பக்கத்தில். கையைத் தூக்கினால் துணி இழுக்கிறதா என்று பார்ப்பதற்காகக் குத்தியது. அந்த நேரம் பார்த்து அக்கா வந்து பேச ஆரம்பித்தாள். அக்கா பேச ஆரம்பித்தால் குண்டூசி என்ன, கட்டிய வேட்டியையே மறந்துவிடலாம்.

அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டுதான் மனைவி விடியற்காலையில் கிளம்பிப் போயிருக்கிறாள். இன்றைக்கு அவளுக்குக் கடைசிப் பரீட்சை. நிஜமான பஸ், நிஜமான பயணிகள், நிஜமான சாலை.

தொடர்ந்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வழியில் ஏறியவர்களுக்காக இரண்டு வார்த்தை.

டெய்லர் குடும்பம் வசிப்பது, குறைந்த வருமானக்காரர்களுக்கென்று கட்டிய பெரிய குடியிருப்பில், ஆறாவது மாடியில். அங்கே அவரவர் வருமானத்தைப் பார்த்துத்தான் வாடகை. டெய்லர் வீட்டிலேயே மெஷின் போட்டு, பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜாக்கெட்டைப் பெரிதாக்குவது என்று காலத்தை ஓட்டுகிறவர். மனைவிக்கு பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலை. போன வருஷம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் 'முன்னேற்ற உதவி மையம்' என்று ஒன்று திறந்து, குடியிருப்பவர்களை நல்ல வேலைக்குத் தயார்படுத்த ஒரு இளம்பெண்ணை உட்காரவைத்தார்கள். முதலில் அங்கே போனவர்கள் எல்லாரும் ஏ.சி. காற்று வாங்கப் போனவர்கள். வேலை கேட்டுப் போன முதல் ஆள் டெய்லரின் மனைவிதான்.

"கழுவுற பஸ்ஸை ஓட்டவும் செய்யலாம்ல மேடம்?" என்று கேட்டிருக்கிறாள்.

மையம் பயிற்சிக்கு அனுப்பியது. பின்பக்கமாக ஓட்டும் பரீட்சையில் ஒரு முறை குப்பைத்தொட்டியைச் சாய்த்துத் தோற்றாள். குடியிருப்பே சிரித்தது. மறுமுறை குப்பைத்தொட்டி தப்பித்தது. இன்றைக்கு இதையும் தாண்டிவிட்டால் டிரைவர் வேலை. கழுவும் வேலைக்கு வாங்கியதைப் போல இரண்டு பங்குக்கு மேல் சம்பளம்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? டெய்லருக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. காரணம் அக்கா.

அக்கா அதே குடியிருப்பில் இரண்டு மாடி கீழே இருக்கிறாள். அவளுக்குக் குடியிருப்பு வைத்த பெயர் 'ஒலிபெருக்கி'. "தம்பி, வருமானத்துக்கு ஒரு கோடு போட்டிருக்காங்கடா. அதைத் தாண்டினா மறுநாளே பெட்டியைத் தூக்கி வெளிய வச்சிடுவாங்க. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணான்னு நடுத்தெருவுல நிக்கப் போறே," என்று சொல்லி, தம்பியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தாள். நேற்று வந்ததும் அதே பாட்டின் இரண்டாவது சரணம் பாடத்தான்.

மனைவி ஜெயித்தால் வீடு போய்விடும். தோற்றால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. இப்படி இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளமாக இருந்த மனுஷருக்கு, இப்போது மூன்றாவதாக ஒரு குண்டூசி.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தோளில் குத்தினால்? அவள் 'ஆ' என்று கையை விட்டால்? பஸ் யார் வீட்டுக்குள் போய் நிற்கும்?

டெய்லர் அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க, லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினார்.

*

குடியிருப்பு வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தில் ஒரு கூட்டமே நின்றது.

"எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மூச்சு வாங்க.

"எங்கயும் இல்லை டெய்லர். உங்க வீட்டம்மா ஓட்டுற பஸ்ல ஏறி இறங்கப் போறோம்," என்றார் மூன்றாவது மாடி எலக்ட்ரீஷியன். குழந்தைகள் காப்பகம் நடத்தும் அம்மாள் காப்பகத்தையே கையோடு அழைத்து வந்திருந்தாள். எல்லாருக்கும் முன்னால், கைப்பை சகிதம் அக்கா.

"அக்கா, யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னேனே!"

"யாருக்கும் சொல்லலையே. எல்லாருக்கும்தான் சொன்னேன்."

பஸ் வந்தது. நடைபாதையை ஒட்டி, குலுக்கல் இல்லாமல், தண்ணீரில் படகு வந்து அணைவது போல நின்றது. கூட்டம் கைதட்டியது. காப்பகக் குழந்தைகள் விசிலடித்தன.

முன் இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த பயிற்சி அதிகாரி தலையை நிமிர்த்தினார். எலுமிச்சம்பழத்தைக் கடித்த கையோடு போட்டோவுக்கு நின்றது மாதிரி முகம்.

"இங்க என்ன, ஊர்வலமா?"

டிரைவர் இருக்கையில் இருந்தவள் நேராகச் சாலையைப் பார்த்தபடி, "ஏறுறவங்க ஏறலாம். உள்ள தள்ளிப் போங்க. வாசல்ல நிக்காதீங்க," என்றாள். சொந்தக்காரக் குரல் இல்லை அது. டெய்லரும் ஏறினார். ஒரு விநாடி அவள் கண் அவர்மேல் பட்டது. பால்காரனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. "கார்டைக் காட்டிட்டு உள்ள போங்க சார்."

சாராம், சார்!

டெய்லருக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

உள்ளே போகாமல் முன்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலடியில் ஒரு மஞ்சள் கோடு. தலைக்கு மேலே அறிவிப்பு: 'மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள். ஓட்டுநருடன் பேசாதீர்கள்.'

பேசத்தானே கூடாது? டெய்லர் கண்ணாடியில் மனைவியின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தார். தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். இரண்டு விரலால் எதையோ பிடுங்குவது போலச் செய்தார். மறுபடி தோள். மறுபடி பிடுங்கல்.

"என்ன சார் வேணும் உங்களுக்கு?" என்றார் பயிற்சி அதிகாரி.

"ஒண்ணுமில்லை சார். ஊசி…"

"ஊசி போடணும்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த பஸ் அந்தப் பக்கம் போகாது. அடுத்த ஸ்டாப்ல இறங்கி மாறிக்கங்க."

"அந்த ஊசி இல்லை சார்…"

"எந்த ஊசியா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க."

பஸ் கிளம்பியது. முதல் வளைவில் டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வளைவில் ஒரு கண்ணை மட்டும் மூடினார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு சாலைகள் கூடும் பெரிய ரவுண்டானா வந்தபோது மூடத் தோன்றவில்லை, பார்க்கத் தோன்றியது.

லாரி ஒன்று குறுக்கே மூக்கை நுழைத்தது. அவள் பதறவில்லை, திட்டவில்லை. விட்டுக் கொடுத்தாள். பிறகு தனக்கான இடைவெளி வந்ததும், சந்தேகமே இல்லாமல் எடுத்துக்கொண்டாள். அவ்வளவு நீளமான வண்டி அவளுக்குப் பின்னால் ஒழுங்காக வளைந்து வந்தது. வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் மூன்று தடவை குனிந்து பார்க்கிறவள் இவள்தானா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இந்த முதுகு இப்படி நிமிர்ந்து பார்த்ததில்லையே என்று டெய்லருக்குத் தோன்றியது. தோள்பட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்ததையும் அவர் கவனிக்காமல் இல்லை. தொழில் புத்தி.

"தம்பி, நல்லாத்தான் ஓட்டுறாடா," என்று அக்கா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். அக்காவின் கிசுகிசு பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்டது.

சூப்பர் மார்க்கெட்டுக்கு எதிரே சிவப்பு விளக்கு விழுந்தது. பஸ் நின்றது. டெய்லர் சும்மா வெளியே பார்த்தார்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெண் காலித் தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ரயில் மாதிரி நீளமாகத் தள்ளிக்கொண்டு போனாள். பச்சை ஏப்ரன், தலையில் பச்சைத் தொப்பி. அந்த ஏப்ரன் இடுப்பில் தொளதொளவென்று இருந்ததைத்தான் முதலில் பார்த்தார். இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அப்புறம்தான் அந்தப் பெண் முகத்தைத் திருப்பினாள்.

பாப்பா!

அவர் பெற்ற பாப்பா. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிற பாப்பா. காலையில் "போய்ட்டு வரேன்ப்பா" என்று புத்தகப் பையை மாட்டிக்கொண்டு போன பாப்பா.

விளக்கு பச்சையானது. பஸ் நகர்ந்தது.

"நிறுத்து!" என்று கத்திக்கொண்டு டெய்லர் மஞ்சள் கோட்டைத் தாண்டி, டிரைவர் இருக்கைக் கம்பியைப் பிடித்தார். "நிறுத்தும்மா! நிறுத்து!"

பஸ் சடக்கென்று நிற்கவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், அடுத்த நிறுத்தம் வரை ஒரே சீராகப் போய், ஓரம் கட்டினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கதவைத் திறந்தாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

"சார், கோட்டைத் தாண்டி நிக்கிறீங்க. நீங்க அங்க நின்னா வண்டியை எடுக்க மாட்டேன். பின்னாடி போங்க, இல்லைன்னா இறங்குங்க."

"ஏம்மா, நான்தான்…"

"யாரா இருந்தாலும்."

பஸ்ஸில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பயிற்சி அதிகாரி அட்டையில் என்னவோ எழுதினார். அக்கா வாயைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடினாள்.

டெய்லர் இறங்கினார்.

கதவு மூடிக்கொண்டது. பஸ் போனது. பின் கண்ணாடி வழியாகக் காப்பகக் குழந்தைகள் அவருக்கு டாட்டா காட்டின.

*

"அப்பா!"

பாப்பா தள்ளுவண்டி ரயிலை விட்டுவிட்டாள். அது தானாகப் போய் ஒரு தூணில் முட்டி நின்றது.

"இதான் பாலிடெக்னிக்கா? ரொம்ப மாறிப்போச்சு. வாத்தியாருங்க எல்லாம் எங்க, காய்கறி பக்கமா?"

"மெதுவாப் பேசுங்கப்பா. சூப்பர்வைசர் பார்ப்பாரு."

"பார்க்கட்டும். எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

பாப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினாள். "மூணு வாரமா."

டெய்லருக்குக் கேட்கத் தோன்றிய கேள்விகள் எல்லாம் தொண்டையில் ஒன்றின்மேல் ஒன்று செருகிக்கொண்டன. கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் வெளியே வந்தது. "ஏன்?"

"நீங்கதான்ப்பா."

"நானா?"

"அன்னிக்கு நீங்களும் அத்தையும் சமையக்கட்டுல பேசிட்டிருந்தீங்க. அம்மா பாஸ் பண்ணிட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க, வெளிய வீடு பிடிக்கப் பணத்துக்கு எங்க போறது, இவ ஏன்தான் இதுல போய் இறங்கினாளோன்னு நீங்க சொன்னீங்க. அம்மா தோத்துட்டாக்கூடப் பரவாயில்லைன்னு சொன்னீங்கப்பா. எனக்கு அம்மா தோக்கக் கூடாது. அதான், வெளிய வீடு பார்க்கிறதுக்கு நான் சேர்த்துடலாம்னு…"

டெய்லர் பக்கத்திலிருந்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார். அதற்குச் சக்கரம் இருந்தது. அது நகர்ந்தது, அவரும் கூடவே நகர்ந்தார். பாப்பா பிடித்து நிறுத்தினாள்.

தான் சமையலறையில் பயந்து உளறியதற்கு, தன் மகள் வெயிலில் வண்டி தள்ளுகிறாள். அவர் பயம் அவரோடு நிற்கும் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தார்.

"அடி மக்கு, உன் சம்பளமும் வீட்டு வருமானத்துல சேருமே! அம்மா ஒரு கால்ல கோட்டைத் தாண்டினா, நீ இன்னொரு காலையும் தூக்கித் தாண்ட வச்சிட்டியேடி!"

பாப்பா யோசித்தாள். "அதை நான் யோசிக்கலைப்பா."

"நானும்தான் யோசிக்கலை. பரம்பரை." ஏப்ரனை இடுப்பில் பிடித்துப் பார்த்தார். கை தானாகச் செய்த காரியம் அது. "காலேஜ்ல பேரை எடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லை. இந்த வாரத்துக்குள்ள வீட்டுலேர்ந்து வந்து கையெழுத்துப் போட்டா திரும்பச் சேர்த்துப்பாங்க."

"அவ்வளவுதானே? வா, இப்பவே வந்து போடறேன்."

"நீங்க போட முடியாதுப்பா. சேர்க்கும்போது அம்மா பேரைத்தான் கொடுத்தோம். அன்னிக்கு நீங்க கல்யாண வீட்டுத் துணி தைக்கணும்னு வரலை."

அன்றைக்கு அவசரமாகத் தைக்க வேண்டியது ஒன்றும் டெய்லருக்கு இருக்கவில்லை. பாலிடெக்னிக் வாசலில் இருந்த பெரிய கேட்டைப் பார்த்தே திரும்பி வந்துவிட்டார். உள்ளே எந்தக் கேள்வி கேட்பார்களோ என்று.

"அம்மாகிட்ட இன்னிக்குச் சொல்ல வேணாம்ப்பா. இன்னிக்கு மட்டும். இன்னிக்கு அவங்க நாள்."

"சரி," என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

*

வீட்டுக்கு வந்தால் உள்ளே அக்கா. அவளுக்கு எதிரே, கையில் தேநீர்க் கோப்பையோடு, உதவி மையத்து இளம்பெண்.

"வா தம்பி. நடுரோட்டுல இறக்கி விட்டாளே, எப்படி வந்தே?"

"நடந்து வந்தேன்."

"ஒம்பது மாடிக்கும் தெரிஞ்சுபோச்சு."

"உனக்கு ஒம்பது மாடியும் வர்ற வழிதானே."

மையத்துப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்க வீட்டம்மா இன்னிக்குப் பாஸ் பண்ணிடுவாங்கன்னு நம்பித்தான் வந்தேன் சார். வருமானம் கூடினா என்ன ஆகும்னு முன்னாடியே பேசிடலாம்னு."

டெய்லர் தரையில் உட்கார்ந்தார். விழுந்தால் அடி குறைவாகப் படும். "சொல்லுங்க மேடம். எப்ப காலி பண்ணணும்?"

"எதை?"

"வீட்டை."

"யார் காலி பண்ணச் சொன்னது?"

டெய்லர் அக்காவைப் பார்த்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

"கோடுன்னு ஒண்ணு இருக்கிறது நிஜம்தான்," என்றாள் மையத்துப் பெண். "ஆனா தாண்டின அன்னிக்கே யாரும் பெட்டியைத் தூக்கி வெளிய வைக்க மாட்டாங்க. வாடகை கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும். பயிற்சிக்குப் போய் வேலை வாங்கின குடும்பத்துக்கு, அப்படி ஏறுற வாடகையை நாங்க எடுத்துக்கிறதில்லை. உங்க பேர்லயே தனியாச் சேர்த்து வைப்போம். சில வருஷம் கழிச்சு நீங்களா வேற நல்ல வீடு பார்த்துப் போறப்ப, அதைக் கையில வாங்கிட்டுப் போலாம். நீங்க இங்கேர்ந்து விழக் கூடாது, ஏறிப் போகணும். அதுக்குத்தான் இந்த ஏற்பாடே."

மூன்று வாரத் தூக்கம். பாப்பாவின் மூன்று வாரப் படிப்பு. இரண்டும் இந்த நாலு வார்த்தையைக் கேட்காததால் போனவை.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்று அக்கா அதட்டினாள்.

"கீழ வாசல் சுவத்துல பெரிய எழுத்துல எழுதி மாட்டியிருக்கோமேம்மா. நீங்க தினமும் அது முன்னாடி நின்னுதான் எல்லார்கிட்டயும் பேசுவீங்க. அதான் யாருக்கும் தெரியலையோ என்னவோ."

அக்காவுக்குத் திடீரென்று அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. போனால் மிச்சத்தை யார் கேட்பது?

"அப்புறம் ஒரே ஒரு விஷயம்," என்றாள் மையத்துப் பெண். "பொண்ணு படிக்கிறா இல்லையா?"

டெய்லருக்குக் காது அடைத்தது. "யாரு?"

"உங்க பொண்ணு சார். படிக்கிற பிள்ளைங்க ஏதாவது பகுதி நேரமா சம்பாதிச்சாலும் நாங்க வருமானத்துல சேர்க்க மாட்டோம். படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போனாத்தான் சேரும். அதான் கேட்டேன். பொண்ணு படிக்கிறாளா?"

"படிப்பா," என்றார் டெய்லர்.

"படிக்கிறாளான்னு கேட்டேன்."

"அதான் மேடம். படிப்பா. நல்லாப் படிப்பா."

நிகழ்காலத்தில் கேட்ட கேள்விக்கு மனுஷர் எதிர்காலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் இல்லை. வினைமுற்றுதான் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடியது. மையத்துப் பெண் ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்தாள்.

"சரி. படிக்கிறாங்கன்னு காலேஜ்லேர்ந்து ஒரு சான்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வந்து கொடுத்திடுங்க."

"கொடுத்துடுவோம்," என்றார் டெய்லர். அதுவும் எதிர்காலம்தான்.

*

மனைவி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். கதவைத் திறந்ததும் டெய்லர் முதலில் தோளைத்தான் பார்த்தார். குண்டூசி இல்லை.

"பாஸ்," என்றாள்.

பாப்பா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அக்கா, "எனக்கு அப்பவே தெரியும்," என்று ஜன்னல் வழியாகவே எதிர்க் கட்டடத்துக்கு அறிவித்தாள். டெய்லர் நடுவில் நின்றுகொண்டு, சிரிக்கவா அழவா என்று முடிவாகாமல் மூக்கை உறிஞ்சினார்.

"அந்த ஊசி…" என்றார்.

"அதை ஏன் கேக்குறீங்க! நாள் பூரா உறுத்திச்சு, என்னன்னே தெரியலை. கடைசியில டிப்போவுல அந்த ஆபீசர், 'சபாஷ்மா, கோட்டைத் தாண்டின ஆளை இறக்கி விட்டீங்களே, அதுக்கே முழு மார்க்'னு சொல்லித் தோள்ல ஒரு தட்டுத் தட்டினாரு. ஊசி அவர் கையில ஏறி, 'ஐயோ'ன்னு ஒரு அலறல். அவரு இதுவரைக்கும் யாரையும் தட்டிக் கொடுத்ததே இல்லையாம். இனிமே தட்டவும் மாட்டாரு."

பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மனைவி டெய்லரிடம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இறக்கி விட்டது தப்பா எடுத்துக்கிட்டீங்களா?"

"இல்லை," என்றார் டெய்லர். "நீ இறக்கி விட்டது சரி. நான் தாண்டினதுதான் தப்பு." பிறகு, இத்தனை வாரமாகச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, "ரவுண்டானாவுல அந்த லாரியை விட்டுப் பிடிச்சே பாரு… ரொம்ப நல்லா ஓட்டினேம்மா. பயமே வரலை எனக்கு," என்றார்.

அவள் காலரைத் தடவிக்கொண்டாள். "டிப்போவுல மூணு பொண்ணுங்க கேட்டாங்க, யாரு தைச்சதுன்னு. கொடுத்திருக்கிற சீருடை எல்லாம் ஆம்பளை அளவுல இருக்கு, அவங்களுக்கும் சரி பண்ணிக் கொடுக்கணுமாம். வரச் சொல்லிட்டேன்."

"டிப்போ ஆளுங்களா? இங்கயா?" டெய்லருக்குப் பழைய பயம் தலையைத் தூக்கியது. "வருமானம் இன்னும்…" என்று ஆரம்பித்தவர், மகள் தன்னையே பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "வரட்டும். தாராளமா வரட்டும்."

மனைவி காலை நீட்டி உட்கார்ந்தாள். பாப்பா செம்பும் டம்ளருமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மனைவி சொன்னாள்:

"எந்த ரூட்டுன்னு சொல்லவே இல்லையே. நாளைக்குக் காலையிலயே டியூட்டி. பாப்பா, நீ போற பாலிடெக்னிக் ரூட்டுதான் கொடுத்திருக்காங்க. காலையில என் கூடவே கிளம்பிடு. காலேஜ் வாசல்லயே இறக்கி விடறேன்."

பாப்பாவின் கையிலிருந்த செம்பு சாய்ந்தது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன ரெண்டு பேரும் முழிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லைம்மா. சந்தோஷம்," என்றாள் பாப்பா.

"ஆமா, சந்தோஷம்," என்றார் டெய்லர்.

மனைவி சீருடையின் பொத்தான்களைக் கழற்றியபடி எழுந்தாள். அறைக் கதவருகே போனவள் நின்று, திரும்பாமலே கேட்டாள்:

"ஆமா, அந்த சூப்பர் மார்க்கெட் தாண்டினதும் 'நிறுத்து நிறுத்து'ன்னு கத்தினீங்களே… வெளிய அப்படி எதைப் பார்த்தீங்க?"